மெழுகுவர்த்தியை அணைக்கும் காற்று மலையை ஏன் கொளுத்துகிறது?

கேள்வி சுருக்கமாக இது: "வெள்ளவத்தையில் இருக்கிறோம். ஜூலை, ஒகஸ்ட் வந்தால் பண்டாரவளை, எல்லப் பக்கம் மலை எரிகிறது என்று செய்தி வரும். அதே நாட்களில் இங்கே குடை இல்லாமல் வெளியே இறங்க முடியாது. ஒரே தீவில் இது எப்படி? காற்று பலமாக அடித்தால் தீ அணையத்தானே வேண்டும், மெழுகுவர்த்தி அப்படித்தானே அணைகிறது? ஒகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு எல்ல போக இருக்கிறோம், பயப்பட வேண்டுமா?"

மெழுகுவர்த்தியிலிருந்தே தொடங்கலாம். அதில் எரிவது உருகி ஆவியாகும் மெழுகு. திரி அதை மேலே ஏற்றிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆவியும் ஒரு துளி, தீயும் விரல்நுனி அளவு. ஊதினால் ஆவி ஒரு பக்கம், சுடர் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். திரியில் சூட்டைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை, உடனே ஆறிப்போகும். அதே வாயால் விறகடுப்பை ஊதிப் பாருங்கள். தணல் சிவந்து அடுத்த நொடி குப்பென்று பற்றும். ஊதுகுழல் என்ற சாமானே அதற்காகத்தான் அடுப்படியில் கிடந்தது. தணலின் உள்ளே சூடு சேர்ந்து கிடக்கிறது. காற்று அதை ஆற்றுகிற வேகத்தைவிட ஒட்சிசன் கொடுத்து எரிக்கிற வேகம் அதிகம். காட்டுத்தீ அடுப்புச் சாதி.

ஆனால் ஒட்சிசன் கொடுப்பது காற்றின் வேலைகளில் சின்ன வேலை. பெரிய வேலை சுவாலையைச் சாய்ப்பது. காற்றில்லாத நேரத்தில் புல்லில் பற்றிய தீ நேராக மேலே நிற்கும். சூட்டில் பெரும்பங்கு வானத்துக்குப் போய்விடும். முன்னால் நிற்கும் புல்லுக்குக் கிடைப்பது அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தவனுக்குக் கிடைக்கிற வெக்கை மட்டும். காற்று அடித்ததும் சுவாலை படுத்துவிடுகிறது. இப்போது முன்னால் உள்ள புல் சுவாலைக்கும் சுடுகாற்றுக்கும் உள்ளேயே நிற்கிறது. அதில் மிஞ்சியிருக்கும் ஈரம் ஆவியாகி, தாள் சூடேறி, வாயு விட்டு, பற்றுவதற்குச் சில நொடிகள் போதும். பற்றிய புல் அடுத்ததற்கு அதையே செய்யும். தீ நடக்கிறது என்று சொல்வது இந்தச் சங்கிலியைத்தான்.

இந்த நடைக்கு அவுஸ்திரேலிய, கனேடிய ஆய்வாளர்கள் கண்ட ஒரு கைக்கணக்கு உண்டு. எல்லாம் நன்றாகக் காய்ந்திருக்கும் நாளில், மரக்காட்டுத் தீ முன்னேறும் வேகம் வெளியில் அடிக்கும் காற்றின் வேகத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. காய்ந்த புல்வெளியில் ஐந்தில் ஒரு பங்கு. மணிக்கு 30 கிலோமீற்றர் காற்றென்றால் காட்டில் 3, புல்லில் 6. ஆறு கிலோமீற்றர் என்பது மனிதன் விரைந்து நடக்கிற வேகம். அதுவும் சமதரையில். மலையை இன்னும் சேர்க்கவில்லை.

வேகம் கூடுவதோடு இது நிற்பதில்லை, தீயின் பலமும் கூடே ஏறும். ஒரு சதுர மீற்றரில் 400 கிராம் காய்ந்த புல் என்று வையுங்கள். காற்றில்லாமல் செக்கனுக்கு 5 சென்ரிமீற்றர் நகர்ந்தால், தீயின் முன்விளிம்பில் ஒவ்வொரு மீற்றர் நீளமும் விடுகிற சூடு ஏறத்தாழ 360 கிலோவாற்று. சுவாலை ஒரு மீற்றர் சொச்சம். பச்சைக் கொப்பை முறித்து நாலு பேர் அடித்தே அணைத்துவிடலாம். அதே புல்லுக்கு மேலே சொன்ன 30 கிலோமீற்றர் காற்றை விடுங்கள்: மீற்றருக்கு 12,000 கிலோவாற்று, சுவாலை ஐந்தாறு மீற்றர். சுவாலை ஒன்றேகால் மீற்றரைத் தாண்டினால் கைக்கருவியோடு முன்னால் நிற்க முடியாது. இரண்டரை மீற்றரைத் தாண்டினால் புல்டோசருக்கும் தண்ணீர் வண்டிக்கும் கஷ்டம். அதற்கும் மேலே போனால் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும்தான் நெருங்க வேண்டும். புல் ஒன்றுதான். மாறியது காற்று மட்டும்.

அப்படியென்றால் வரட்சிக்கு என்ன பங்கு? பற்றுமா பற்றாதா என்பதை வரட்சி முடிவு செய்கிறது, எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காற்று. இங்கே ஒரு பிழையான எண்ணம் பரவலாக இருக்கிறது: எத்தனை கிழமை மழை இல்லை என்பதுதான் ஆபத்தின் அளவு என்று. அது பாதி உண்மை. மீதிப் பாதியை ஒரு பொரித்த அப்பளம் சொல்லும். கொழும்பில் மழை நாளொன்றில் அதை மேசையில் திறந்து வைத்தால் ஒரு மணித்தியாலத்தில் தோலாகிவிடும். வரண்ட இடத்தில் மாலைவரை முறுகலாக இருக்கும். யாரும் அதன்மேல் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றிலுள்ள ஈரத்தை அது தானாகவே எடுக்கிறது, தானாகவே விடுகிறது. செத்த புல்லும் சருகும் பைனஸ் ஊசியிலையும் அப்பளம்தான்.

வனத்தீ படித்தவர்கள் செத்த எரிபொருளை அது காய எடுக்கும் நேரத்தால் பிரிப்பார்கள். 6 மில்லிமீற்றரை விட மெல்லியது, அதாவது புல், இலை, ஊசி, ஈர்க்கு, ஒரு மணித்தியால எரிபொருள். இரண்டரை சென்ரிமீற்றர்வரை தடித்த சுள்ளி பத்து மணித்தியாலம். ஏழரை சென்ரிமீற்றர்வரை நூறு. இருபது சென்ரிமீற்றர்வரை உள்ள கட்டை ஆயிரம் மணித்தியாலம், அதாவது ஆறு கிழமை. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதனுக்கு ஏற்ற ஈரத்தை நோக்கி மூன்றில் இரண்டு பங்கு தூரம் போக எடுக்கும் நேரம் இது. ஈரப்பதன் 80 வீதமாக இருந்தால் புல்லில் அதன் உலர்ந்த நிறையில் ஏறக்குறைய 16 வீதம் தண்ணீர் நிற்கும். அதில் நெருப்புக்குச்சி வைத்தால் புகைந்து புகைந்து அணையும். ஈரப்பதன் 30 வீதமானால் புல்லில் நிற்பது 6 வீதம். ஒரு பொறி போதும். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக மாதக்கணக்கு வேண்டியதில்லை, ஒரு காலைப்பொழுது போதும். முந்தநாள் மழை பெய்த மலை இன்று பின்னேரம் எரிவதில் அதிசயம் ஒன்றுமில்லை.

காற்று இங்கேயும் கை வைக்கிறது. பல்கனியில் துவாய் காயப்போட்டவர்களுக்குத் தெரியும்: வெயில் சுள்ளென்று அடித்தாலும் காற்றில்லாவிட்டால் மடிப்புக்குள் ஈரம் நிற்கும், வெயில் மங்கலாக இருந்தும் காற்று வீசினால் மத்தியானத்துக்குள் மொடமொடவென்று ஆகிவிடும். ஈரமான தாளைச் சுற்றி ஈரமான காற்றுப் படலம் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். காற்று அதை விடாமல் பிடுங்கிக்கொண்டே இருக்கிறது.

வெப்பநிலையின் வேலையும் பெரும்பாலும் இந்த வழியாகத்தான். காற்றில் உள்ள நீராவி மாறாமல் இருக்க, சூடு 11 பாகை ஏறினால் ஈரப்பதன் ஏறத்தாழப் பாதியாகும். விடியற்காலை 19 பாகையும் 90 வீதமுமாக இருந்த மலைக்காற்று, பகல் 30 பாகையானதும் 47 வீதத்துக்கு இறங்கிவிடும். அதனால்தான் பின்னேரம் ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் இடையே தீ ஓடுகிறது, இரவில் படுக்கிறது. இரவிலும் வரண்ட காற்று ஓயாவிட்டால் இந்த ஆறுதல் கிடைக்காது. மோசமான தீக்கள் பலவற்றுக்கு அது ஒரு பொது அடையாளம்.

இப்போது கொழும்பு மழையும், பண்டாரவளையும் எல்லவும் இருக்கும் ஊவாவின் தீயும். இரண்டையும் செய்வது ஒரே காற்று. மே முதல் செப்டெம்பர்வரை அடிக்கும் தென்மேல் பருவக்காற்றை, யாழ்ப்பாணத்தார் சோளகம் என்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். கடலில் இருந்து 29 பாகை, 80 வீத ஈரப்பதனோடு கொழும்புக் கரையில் ஏறுகிறது. மத்திய மலை குறுக்கே நிற்கிறது, மேலே ஏற வேண்டும். அரைக் கிலோமீற்றர் ஏறுமுன்பே முகில் கட்டும். அதற்குமேல் ஏறும்போது நீராவி ஒடுங்கி மழையாகக் கொட்டும்; ஒடுங்கும் நீராவி தன் மறைவெப்பத்தைக் காற்றுக்குள்ளேயே விட்டுப்போகும். அதனால் காற்று கிலோமீற்றருக்கு நாலரை பாகை அளவில் மெல்லத்தான் குளிர்கிறது. 2,000 மீற்றர் முகட்டில் 17, 18 பாகை. மறுபக்கம் இறங்கும்போது கொட்ட மழை இல்லை. இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகும். கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை. 200 மீற்றர் உயரத்தில் இருக்கும் வெல்லவாய மட்டத்துக்கு வந்து சேரும்போது 35 பாகை, ஈரப்பதன் 40 வீதம் சொச்சம். குளிர்ந்ததை விட அதிகமாகச் சூடாகித் திரும்பியிருக்கிறது, தண்ணீரையும் மேற்கே இறக்கி வைத்துவிட்டு. உங்கள் குடையில் விழுந்தது அந்தத் தண்ணீர்தான்.

இது கடதாசிக் கணக்கு. மெய்யாக எல்லாக் காற்றும் கரையிலிருந்து ஏறுவதில்லை. மலைக்கு மேலேயுள்ள வரண்ட காற்றும் சேர்ந்து கீழே இறங்கும், அப்போது இன்னும் காயும். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இந்த மேல்காற்றுக்குக் கச்சான் என்று பெயர். (காலிமுகத்திடலில் சரையில் சுற்றி வாங்கித் தின்னும் கச்சானோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அல்ப்ஸ் மலையில் போன் காற்று, கலிபோர்னியாவில் சாண்டா ஆனா, எல்லாம் மலை இறங்கிச் சூடேறும் ஒரே குடும்பம்.

இணையத்தில் தேடினால் 30-30-30 என்று ஒரு விதி கிடைக்கும்: வெப்பம் 30 பாகைக்கு மேல், ஈரப்பதன் 30 வீதத்துக்குக் கீழ், காற்று மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் என்றால் ஆபத்து. ஐரோப்பாவுக்கு நல்ல விதி. இதை ஊவா மலைக்கு அப்படியே ஒட்டவைத்துவிட்டு, பண்டாரவளையில் 27 பாகைதானே, ஈரப்பதன் 50 வீதம்தானே, பயமில்லை என்று இருந்துவிடக் கூடாது. அந்த எண்கள் நிழலில், பெட்டிக்குள் வைத்த கருவி காட்டுவது. வெயில் நேரே விழும் சரிவில் கிடக்கும் காய்ந்த புல், காற்றை விடப் பல பாகை சூடாக இருக்கும். அதை ஒட்டியிருக்கும் காற்றின் ஈரப்பதன் அறிவித்ததை விட மிகக் குறைவு. மானாப் புல்லுக்கு அந்த 50 வீதமே போதும்.

அந்தப் புல்லைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளில் நிற்பது பெரும்பாலும் மானாப் புல், எலுமிச்சை வாசம் அடிக்கும் எண்ணெய்ச்சத்துள்ள சாதி. ஒரு பற்றையைப் பிரித்தால் வெளியே இந்த வருடப் பச்சைத் தாள், நடுவே போன வருடத்துச் செத்த தாள்கள் நரைத்துப்போய்ச் சுருண்டு நிற்கும். நிமிர்ந்து நிற்பதால் நிலத்தின் ஈரம் அவற்றைத் தொடாது. இடையே காற்று தாராளமாகப் போய்வரும். ஒரு தாளை எடுத்து விரலில் சுற்றிப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பட்டென்று முறிந்தால் அது நெருப்புக்குக் காத்திருக்கிறது. பக்கத்தில் உள்ள பைனஸ் தோட்டங்களில் நிலம் முழுக்க ஊசியிலை மெத்தை. பிசின் உள்ளது, அடியில் வேறு செடி வளர விடாது. யூக்கலிப்டஸ் பட்டை நீள நீளமாக உரிந்து தொங்கும். அந்தப் பட்டை பற்றினால் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகும்.

மலைச் சரிவு தனிக் கணக்கு. சரிவு 10 பாகை கூடினால் மேல்நோக்கி ஓடும் தீயின் வேகம் இரட்டிக்கும் என்பது அவுஸ்திரேலியக் காட்டுத்தீ ஆய்வாளர் மக்ஆர்தர் காலத்து விதி. 20 பாகைச் சரிவில் நாலு மடங்கு, 30 பாகையில் எட்டு. காரணம் புதிதல்ல. சுவாலை சாயாமலே மேல்பக்கத்துப் புல் அதற்குக் கிட்ட வந்துவிடுகிறது. காற்றும் சரிவும் ஒரே திசையில் சேர்ந்தால் மனிதனால் ஓடித் தப்ப முடியாது. 2018 மார்ச் 11இல் தமிழ்நாட்டின் தேனி மாவட்டம் குரங்கணியில், காய்ந்த புல் நிறைந்த மலைச்சரிவில் மலையேறிகள் தீக்குள் அகப்பட்டு இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது இப்படியான நிலத்தில். மலையில் இரண்டு முகடுகளுக்கு இடையேயுள்ள ஒடுங்கிய பள்ளம் இன்னும் பொல்லாதது. புகைபோக்கி போல வேலை செய்யும்.

காற்றின் மிகக் கெட்ட வேலை பொறி எறிவது. தீத்தடுப்புக் கோடு வெட்டும்போது புல்லின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலம் என்பது காற்றில்லாத நாளுக்கான கணக்கு. இரண்டு மீற்றர் கினிப் புல்லுக்கு மூன்று மீற்றர், வேர் போக மண் தெரியும்வரை செதுக்கி. பலத்த காற்றில் சாய்ந்த சுவாலையே அதைத் தாண்டும், பொறி அதற்கு மேலாலே பறக்கும். 2009 பெப்ரவரி 7இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் யூக்கலிப்டஸ் பட்டை 30 கிலோமீற்றருக்கு அப்பாலும் போய் விழுந்து புதுத் தீ வைத்தது. 2025 ஜனவரி 7இல் லொஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய தீக்களில் பொறி கூரைக் கரையிலும் காற்றுத் துவாரத்திலும் புகுந்து வீட்டுக்கு வீடு தாவியது. முன்னிரண்டு மாரியும் நல்ல மழை பெய்து புல்லும் பற்றையும் வளர்ந்திருந்தன; பிறகு மே மாதத்திலிருந்து நகர நடுவில் 5 மில்லிமீற்றர் மழைகூடப் பெய்யவில்லை; அதன்மேல் மணிக்கு 130 கிலோமீற்றருக்கு மேலான வீச்சோடு சாண்டா ஆனா. முதல் இரவு விமானங்களால் பறக்கவே முடியவில்லை. 16,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. ஹவாயின் லஹைனா 2023 ஒகஸ்ட் 8இல் எரிந்து நூறு பேரளவில் மாண்டபோது, மலை இறங்கிய காற்றுக்குத் தீனியானது கைவிடப்பட்ட தோட்டக் காணிகளில் மண்டியிருந்த வெளிநாட்டுப் புல். அதில் ஒன்று கினிப் புல். நம் வீதியோரங்களில் ஆளுயரம் நிற்கிற அதே புல்.

தண்ணீர் ஊற்றினால் தீருமே என்பவர்களுக்கு: கொழும்புக்கு முன்னால் கடலிலேயே இதைப் பார்த்திருக்கிறோம். 2021 மே 20இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் பற்றிய தீக்குச் சுற்றிலும் தண்ணீர்தான். பருவக்காற்று ஓங்கியபோது அணைக்கப் போனவர்கள் பட்ட பாடு தெரியும். மலையில் ஹெலிகொப்டர் வாளியிலிருந்து கொட்டும் தண்ணீரைக் காற்று சிதறடித்துத் தூவானமாக்கிவிடும். வேகம் குறைந்த நேரத்தில், சரியான இடத்தில் விழுந்தால் பயன் உண்டு. கீழே கோடு வெட்ட ஆட்கள் இல்லாமல் வாளி மட்டும் தீயை முடித்துவைக்காது.

காற்றின் வேகம் மட்டுமல்ல, அது திசை மாறுவதும் ஆட்களைக் கொல்கிறது. காற்றில் ஓடும் தீ முட்டை வடிவில் நீளும்: முன்னே ஒடுங்கிய தலை, இரு பக்கமும் நீண்ட விலா. விலாவில் தீ மெதுவாக நகரும், அங்கேதான் ஆட்கள் நின்று வேலை செய்வார்கள். காற்று 90 பாகை திரும்பினால் கிலோமீற்றர்க் கணக்கில் நீண்ட அந்த விலா முழுவதும் ஒரேயடியாகத் தலையாகிவிடும். மேலே சொன்ன 2009 பெப்ரவரி 7 அப்படித்தான் ஆனது. மெல்பேர்ணில் 46.4 பாகை, பகல் முழுக்க வடமேல் காற்று, மாலையில் தென்மேலாகத் திரும்பியது, மாண்டவர்கள் 173 பேர். கிழக்குக் கரையில் இதன் சின்ன வடிவம் உண்டு: பகலில் கச்சான் மேற்கிலிருந்து அடிக்கும், பின்னேரம் கடற்காற்று அதைத் தள்ளிக்கொண்டு கிழக்கிலிருந்து உள்ளே வரும். வேலியோரம் குப்பை கொளுத்துபவர் காலையில் பார்த்த திசையை நம்பியிருந்தால், கிடுகுக் கூரை எந்தப் பக்கம் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

காற்றில்லாவிட்டால் பயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. நீண்ட வரட்சியில் அந்த ஆயிரம் மணித்தியாலக் கட்டைகளும் காய்ந்துவிட்டால், பெருந்தீ எழுப்பும் சுடுகாற்று மேலே போக, கீழே வெற்றிடத்தை நிரப்பச் சுற்றுக்காற்று உள்ளே பாயும். தீ தன் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். இலங்கைக் காடுகளில் இது அபூர்வம். இங்கே நடப்பது பெரும்பாலும் நிலத்தோடு ஓடும் புல்தீ. கொழும்புக்குக் கிட்ட முத்துராஜவெல போன்ற முற்றா நிலக்கரிச் சதுப்பில் கதை வேறு: ஜனவரி முதல் மார்ச்சுக்குள் நீர்மட்டம் இறங்கினால் மண்ணே எரிபொருள். சுவாலை தெரியாது, அடியில் கிடந்து புகையும். மேலே தெளித்தால் போதாது, தண்ணீரைத் தேக்கி ஊற வைக்க வேண்டும்.

நம் நாட்டில் மின்னல் பெரும்பாலும் மழையோடு வருவதால், காட்டுத்தீ ஏறக்குறைய எல்லாமே மனிதன் வைப்பது. இளம்புல் துளிர்க்க மாட்டுக்காரர், வேட்டைக்காரர், சேனை வெட்டுபவர், கூடாரம் அடித்துக் கொத்து ரொட்டி சூடாக்குபவர். ஊரில் காணி துப்பரவாக்கும் உறவினர் இருந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள்: கச்சான் அடிக்கும் கிழமையில் கொளுத்தவே வேண்டாம். கொளுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் காலை எட்டு மணி பிழையான நேரம். பனி காயக் காயத் தீயும் வளர்ந்துகொண்டே போகும். மாலை ஐந்துக்குப் பிறகு ஈரப்பதன் ஏறும் பக்கம் போகிறது. குவியல் சின்னதாக, சுற்றி மூன்று மீற்றர் வெறும் மண், காற்று போகும் பக்கத்து ஓரத்தில் பற்றவைத்தால் தீ காற்றை எதிர்த்து மெல்ல வரும். இரண்டு பேர், நிறைந்த வாளிகள், ஒரு மண்வெட்டி. முடிந்தபின் சாம்பலில் தண்ணீர் ஊற்றி, மண்வெட்டியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். வெக்கை அடித்தால் முடியவில்லை. பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான்: சுவாலை போனதும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அடுத்தநாள் பகல் ஒரு மணிக்குக் காற்று வந்து தணலைத் தேடும்.

வீட்டுக்கு ஒரேயொரு வேலை செய்ய நேரமிருந்தால் சுவரை ஒட்டிய ஒன்றரை மீற்றரை வெறுமையாக்குங்கள்: விறகு, கிடுகு, சருகு, தும்புத்தடி, ஒன்றும் கூடாது. அடுத்தது பீலியில் கிடக்கும் காய்ந்த இலை.

இனி எல்லப் பயணம். போகலாம். தீ நடப்பது சில சரிவுகளில், சில நாட்களில். நகரமும் விடுதிகளும் ரயிலும் வழமைபோல இயங்கும். கவனம் வேண்டியது நடைபாதைகளில், முக்கியமாக யூக்கலிப்டசும் புல்லும் ஊடாகப் போகும் எல்ல ரொக் பாதையில். புறப்படுவதற்கு முந்தின நாள் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையில் மழையை மட்டும் தேடாமல் காற்றைப் பாருங்கள். மத்திய மலையின் கிழக்குச் சரிவுக்கு மணிக்கு 50 கிலோமீற்றர் அளவில் பலத்த காற்று என்று இருந்தால் புல் மலைகளை அன்று விட்டுவிடுங்கள். நாசாவின் ஃபேர்ம்ஸ் (FIRMS) வரைபடம் இலவசம். செய்மதி கண்ட சூட்டுப் புள்ளிகளைக் காட்டும். ஒரு புள்ளி என்பது 375 மீற்றர் சதுரத்துக்குள் எங்கோ ஒரு சூடு. தீ அவ்வளவு பெரிது என்று அர்த்தம் இல்லை. முகில் இருந்தால் காட்டாது, செய்மதி போன பிறகு பற்றியதையும் காட்டாது. ஆகவே புள்ளி இல்லை என்பதை வைத்து நிம்மதியடைய வேண்டாம்.

அங்கே போய் நின்றபின் கண்ணே கருவி. கடதாசியும் தூசும் எழும்பி, சின்னக் கொப்புகள் ஆடினால் காற்று மணிக்கு 20 முதல் 28 கிலோமீற்றர். இலையோடு நிற்கும் சின்ன மரங்களே அசைந்தால் 29 முதல் 38. இரண்டாவதைக் கண்டால், அதோடு புல்தாளும் பட்டென்று முறிந்தால், திரும்புங்கள். காலை ஆறு மணிக்கு ஏறி பதினொன்றுக்குள் இறங்கிவிடுவது எப்படியும் நல்லது. தூரத்தில் புகை தெரிந்தால் அதன் நிற்பைப் பாருங்கள்: தூண் போல நிமிர்ந்திருந்தால் காற்று பலமில்லை, படுத்து நிலத்தோடு ஓடினால் அந்தத் திசையில் அரை மணித்தியாலத்தில் என்ன இருக்கும் என்று யோசியுங்கள். பிள்ளைகளுக்கு நைலோன் உடுப்பு வேண்டாம், உருகி ஒட்டும். பருத்திதான், முழுக்கால் சட்டை, மூடிய சப்பாத்து, ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர்.

கீழே தீ, மேலே நீங்கள் என்று ஆகிவிட்டால் மேலே ஓடாதீர்கள், பள்ளத்துக்குள்ளும் இறங்காதீர்கள். குறுக்காக, காற்றுத் திசைக்குப் பக்கவாட்டாக விலகுங்கள். களை எடுத்த பச்சைத் தேயிலை மலை, தார் வீதி, தண்டவாளம், ஏற்கெனவே எரிந்து கறுத்து ஆறிய நிலம், இவற்றில் எது கிட்டவோ அதற்குப் போங்கள். கறுத்த நிலத்தில் இரண்டாம் முறை எரிய ஒன்றுமில்லை. அங்கே நின்றுகொண்டு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைத்து, எந்த மலை, எந்தப் பக்கச் சரிவு, புகை எந்தத் திசைக்குச் சாய்கிறது என்ற மூன்றையும் சொல்லுங்கள்.